கமரா செய்த புள்ளைட பேர் எங்க?

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். உங்கட ஞாயிறு பேப்பர்ல மட்டக்களப்பில நடந்த குறும்படக் காட்சியப் பத்தி அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தீங்க, நம்மட பக்கத்துப் படங்களுக்கு அவ்வளவு இடம் குடுக்கிற பேப்பர் கனக்க இல்ல, அதுக்கு முதல்ல நன்றி. டைரக்டர்ட பேர் வந்திரிக்கு, நடிச்ச ஆக்கள்ட பேர் வந்திரிக்கு, மியூசிக் போட்ட தம்பிட பேர், விளக்கேத்தினவங்கட பேர், பேச்சு பேசினவங்கட பேர் எல்லாம் வந்திரிக்கு. காட்சியெல்லாம் ஓவியம் மாதிரி இரிந்திச்சு எண்டும் ஒரு வரி எழுதியிரிக்கீங்க. அந்தக் காட்சிய எடுத்தது ஆரு எண்டு மட்டும் ஒரு இடத்திலயும் எழுதல்ல.

அந்தப் படத்துக்கு கமரா செய்தது ஒரு பொம்புளப் புள்ள. எனக்கு அவவ நல்லாத் தெரியும், களுவாஞ்சிகுடிப் பக்கம் நானும் என்ட வீட்டுக்காரரும் நடத்துற ஸ்டூடியோவிலதான் அவ முதல் முதல் கமரா பழகினவ, என்னை மாமி எண்டுதான் கூப்பிடுவா. தெரிஞ்ச புள்ளைக்காகக் கதைக்கிறன் எண்டு நீங்க நினைச்சாலும் பரவால்ல, ஆனா இது அவட கதை மட்டும் இல்ல ஐயா. கல்முனையில, ஏறாவூர்ல, அக்கரைப்பற்றில, வாழைச்சேனையில எண்டு கமரா தூக்கின புள்ளைகள் இரிக்காங்க. ஒரு படம் செய்வாங்க, எல்லாரும் கை தட்டுவாங்க, மறுகா கொஞ்சக் காலம் கழிச்சு அந்தப் புள்ள எங்க எண்டு கேட்டா கடையில வேலைக்கு நிக்கிறா, டியூசன் குடுக்கிறா, கலியாணம் முடிச்சுப் போயிட்டா எண்டுதான் பதில் வரும். முதல் படம் எப்படியோ கிடைக்குது, ரெண்டாவது படம் வாறல்ல. அந்த ரெண்டாவது படத்துக்காகத்தான் இத எழுதுறன்.

நம்மட ஆக்கள் கனபேர் கமரா எண்டா பட்டன் அமத்துற வேலை எண்டுதான் நினைச்சிட்டிரிக்காங்க. ஒளிப்பதிவாளர் ஷூட்டிங்குக்கு முதலே டைரக்டரோட குந்தி இரிந்து கதைய வாசிச்சு, எந்த இடத்த எத்தின மணிக்கு எடுக்கிற, எந்த லென்ஸ், முகத்தில எந்தப் பக்கத்தால வெளிச்சம் விழணும், எவ்வளவ இருட்டா விடணும், கமரா நிக்குமா நடக்குமா எண்டு எல்லாத்தையும் முடிவு எடுக்கிற ஆள். நம்மட ஊர் வெளிச்சம் லேசான வெளிச்சம் இல்ல, எழுவான்கரையில வெள்ளாப்பில கடல் பக்கத்தால வாற வெளிச்சம் ஒரு அரை மணித்தியாலம்தான் மெதுவா இரிக்கும், பதினொரு மணிக்கு மேல உச்சியால அடிக்கிற வெயிலுக்கு எல்லார்ட கண்ணும் ரெண்டு கறுப்புக் குழி மாதிரித்தான் கமராவில விழும், அதுக்குள்ள வெள்ளை மணல்ல பட்டு கீழாலயும் வெளிச்சம் எறிக்கும், பின்னேரம் படுவான்கரைப் பக்கம் வாவிக்கு மேலால சாயிற நேரம் திரும்பவும் ஒரு நல்ல வெளிச்சம் வரும், அதுவும் சுறுக்கா போயிடும். இத எல்லாம் தெரிஞ்சிரிந்தாத்தான் இஞ்ச படம் எடுக்க ஏலும்.

நீங்க ஓவியம் எண்டு எழுதின அந்த குசினிக் காட்சிய எடுத்துக்கங்க. கிடுகு வேஞ்ச குசினி, ஒரு வாசல்தான், யன்னல் இல்ல. உள்ளுக்க இரிக்கிற தாய்ட முகம் தெரியணும் எண்டு கமராவில வெளிச்சத்தக் கூட்டி வைச்சா வாசலுக்கு வெளியால எல்லாம் வெள்ளையா எரிஞ்சு போயிடும், வெளிய சரியாக்கினா தாய் இருட்டுக்குள்ள போயிடுவா. பெரிய லைட் எடுக்க காசும் இல்ல, ஜெனரேட்டர் வைச்சா சத்தம். அந்தப் புள்ள என்ன செய்தா எண்டா, வெயில் கூரைக்கு அங்கால சாயும் வரைக்கும் காத்திரிந்து, வாசலுக்கு வெளியால கமராக்குத் தெரியாத இடத்தில லேசான வெள்ளை ரெஜிபோம் ஷீட் ஒண்ட சரிச்சு வைச்சு, வெளி வெளிச்சத்தையே உள்ளுக்க திருப்பி விட்டா. அதால தாய்ட ஒரு கன்னத்தில மட்டும் வெளிச்சம் விழுந்திச்சு, அடுப்புப் புகையும் அதுக்குள்ளால தெரிஞ்சிச்சு. பார்த்தவங்க எல்லாம் நடிகையத்தான் புகழ்ந்தாங்க, அவவும் நல்லாத்தான் நடிச்சா, அதில எனக்கு ஒரு குறையும் இல்ல.

இத அவ எங்க பழகினா எண்டு கேட்டா கலியாண வீட்டிலதான். காத்தான்குடி, ஏறாவூர், மருதமுனை, சம்மாந்துறைப் பக்கம் கலியாணத்துக்கு பொம்புளப் பகுதிய எடுக்க பொம்புளக் கமராதான் வேணும் எண்டு கேட்பாங்க, எடுத்தத எடிட் பண்ணுறதும் பொம்புளையாத்தான் இரிக்கணும் எண்டு சொல்லுற வீடுகள் கனக்க, சில வீட்டில வேலை முடிஞ்ச உடன மெமரி கார்ட்டையே கையில வாங்கிடுவாங்க. நம்மட தமிழ் ஆக்கள்லயும் சாமத்திய வீட்டுக்கு பொம்புளப் புள்ள வந்து எடுத்தா நல்லம் எண்டு நினைக்கிற தாய்மார் இரிக்காங்க. இதால இந்தக் கிழக்கில கமரா வேலை செய்து காசு உழைக்கிற பொம்புளைகள் கொஞ்சப் பேராவது இரிக்காங்க, எனக்கு அதில பெரிய சந்தோசம். டியூப் லைட் ஒரு நிறம், யன்னல் வெளிச்சம் இன்னொரு நிறம், மேலால கலர் பல்ப் வேற, ஆள் நடக்க இடம் இல்லாத அறை, தாலி ஏறுற நேரம், மோதிரம் போடுற நேரம் ஒண்டும் திருப்பி எடுக்க ஏலாது, அழுகிற தாய்க்கு முன்னால கமராவக் கொண்டு போய் நீட்டாம தள்ளி நிண்டு எடுக்கவும் தெரியணும். இத வரிசக் கணக்கா செய்த புள்ளைக்கு சினிமா செட்டில கண்ணும் கையும் எவ்வளவு சுறுக்கா வேலை செய்யும் எண்டு நான் என்ட கண்ணாலயே பார்த்திரிக்கன். ஆனா படம் எடுக்கிற பொடியன்மார் சில பேர் அவ கலியாண கமராதானே எண்டு ஒரு மாதிரி சொல்லுறாங்க, கேட்க வயிறு எரியுது.

அமெரிக்காவில ரேச்சல் மொரிசன் எண்டு ஒரு ஒளிப்பதிவாளர் இரிக்கா, அவவும் டிவி ரியாலிட்டி நிகழ்ச்சிகளுக்கு கமரா செய்துதான் மேல வந்தவ. 2013 இல 'ஃப்ரூட்வேல் ஸ்டேஷன்' எண்டு ஒரு சின்னப் படம், பத்து லட்சம் டொலருக்கும் குறைஞ்ச செலவு, சூப்பர் 16 எண்ட சின்ன அளவுப் பிலிம்ல எடுத்தது, ரயன் கூக்லருக்கு அது முதல் படம், அமெரிக்காவில நடக்கிற சன்டான்ஸ் படவிழாவில பெரிய பரிசு எடுத்திச்சு. மறுகா அதே டைரக்டர் 'பிளாக் பாந்தர்' செய்யக்குள்ளயும் அவவத்தான் கூப்பிட்டார், 2018 இல வந்த அந்தப் படம் உலகம் முழுக்க ஓடினது உங்களுக்குத் தெரியும். அந்த வரிசமே 'மட்பவுண்ட்' படத்துக்காக ஒஸ்கார் ஒளிப்பதிவுப் பிரிவுப் பரிந்துரையில பேர் வந்த முதல் பொம்புள எண்டு அவட பேர் வந்திச்சு. 1929 இல தொடங்கின விருது ஐயா, 2018 இல நடந்தது 90ஆவது விழா, அது வரைக்கும் ஒரு பொம்புளைட பேரும் அந்தப் பிரிவில வரல்ல. அந்த 2018 இல அமெரிக்காவில கூடுதலா வசூல் எடுத்த 250 படத்தையும் கணக்கெடுத்துப் பார்த்திரிக்காங்க, ஒளிப்பதிவாளர்ல பொம்புளைகள் நூற்றுக்கு 4 பேர்தான். அப்ப நம்மட ஊரில மட்டும் உள்ள வியாதி இல்ல இது.

நான் இதில பார்க்கிறது விருத விட வேற ஒண்டு. 'ஃப்ரூட்வேல் ஸ்டேஷன்' செய்த டைரக்டர் அடுத்த முறை பெரிய காசு வந்த உடன பேர் எடுத்த ஆம்புள கமராமேனத் தேடிப் போகல்ல. எலன் குராஸ் எண்டு இன்னொருத்தி, சன்டான்ஸ் விழாவில மூண்டு முறை ஒளிப்பதிவுப் பரிசு எடுத்தவ, 1992 இல 'ஸ்வூன்', 1995 இல 'ஏஞ்சலா', 2002 இல 'பேர்சனல் வெலோசிட்டி', இதில கடைசி ரெண்டுக்கும் டைரக்டர் ஒரே ஆள்தான், ரெபெக்கா மில்லர். அந்த 'பேர்சனல் வெலோசிட்டி' எதால எடுத்தது தெரியுமா, கையில தூக்குற சின்ன மினி DV டேப் கமராவால, நம்மட ஸ்டூடியோக்காரர் எல்லாரும் ஒரு காலத்தில கலியாண வீடு கலியாண வீடா தூக்கிக்கிட்டுத் திரிஞ்ச வகைக் கமரா. ஓட்டம் டுரால்ட் ஆர்க்கபோ எண்ட பொம்புள ஒளிப்பதிவாளரும் அப்படித்தான், ஜியா கொப்போலாட முதல் படம் 'பாலோ ஆல்ட்டோ'வுக்கு கமரா செய்தவ, பத்து வரிசத்துக்கும் மேல போய் 2024 இல 'த லாஸ்ட் ஷோகேர்ள்' படத்துக்கும் அதே டைரக்டரோட அவதான், அதுக்கு இடையில பெரிய படங்களும் செய்து, 2025 இல வந்த 'சின்னர்ஸ்'ஸ ஐமேக்ஸ் 65 மில்லிமீற்றர் எண்ட பெரிய அளவுப் பிலிம்ல எடுத்தா, அந்தப் பிலிம்ல ஒரு முழுநீளக் கதைப் படம் எடுத்த முதல் பொம்புள அவதான். சின்னப் படம் செய்யக்குள்ள கூட இரிந்த ஆள அடுத்த படத்துக்கும் கூப்பிட்டா ஒரு ஆள்ட தொழில் வளரும். நம்மட பொடியன்மார் அதச் செய்றல்ல. முதல் படத்துக்கு காசு இல்லாதக்குள்ள தங்கச்சி தங்கச்சி எண்டு கூப்பிடுவாங்க, ரெண்டாவது படத்துக்கு வெளிநாட்டில இரிந்து ஒரு அண்ணன் கொஞ்சம் காசு அனுப்பினா உடன கொழும்பில இரிந்து கமராமேன் வருவார், இந்தப் புள்ள உடுப்பு எடுத்து வைக்கிற வேலைக்கோ மேக்கப்புக்கோ உதவிக்கு வா எண்டு சொல்லப்படுவா.

தமிழ்ப் படத்திலயே பாருங்க. 1985 இல வந்த பாக்கியராஜ்ட 'சின்ன வீடு', வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து ஊரே சேர்ந்து படம் பார்த்த சந்ததிக்கு நல்லாத் தெரிஞ்ச படம். ஒளிப்பதிவு பி.ஆர்.விஜயலட்சுமி எண்டு போட்டிரிந்திச்சு, அவதான் ஆசியாவிலயே முதல் பொம்புள ஒளிப்பதிவாளர் எண்டு சொல்லுறாங்க. 'கர்ணன்', 'வீரபாண்டிய கட்டபொம்மன்' எடுத்த பி.ஆர்.பந்துலுட மகள் அவ. ஆனா அப்பாட பேரால உடன படம் கிடைக்கல்ல, 1980 இல வந்த 'நெஞ்சத்தைக் கிள்ளாதே' தொடங்கி அசோக்குமார்ட்ட அசிஸ்டண்டா நிண்டு வேலை பழகித்தான் தனியா படம் செய்ய வந்தா, இருபதுக்கு மேல படம் செய்தா. இந்தியாவில தேசிய விருது எடுத்த அஞ்சுலி சுக்லா, மம்முட்டி நடிச்ச 'குட்டி ஸ்ராங்க்' படத்துக்கு 57ஆவது தேசிய விருதில எடுத்தவ, கதைப் படத்துக்கு அந்த ஒளிப்பதிவு விருத எடுத்த முதல் பொம்புள, அவவும் புனேயில படிச்சு முடிச்சு சந்தோஷ் சிவன்ட்ட அசிஸ்டண்டா இரிந்தவ. 'குட்டி ஸ்ராங்க்'ட டைரக்டர் ஷாஜி என்.கருண் தானே ஒரு பெரிய ஒளிப்பதிவாளர், அவருக்கு கமரா பிடிக்கத் தெரியாமலா புதுப் புள்ளைய நம்பிக் குடுத்தார்? வேலை பழகின ஆள் எண்டு தெரிஞ்சிரிக்கும், நம்பியிரிப்பார்.

நம்மளுக்கு அந்த அசிஸ்டண்ட் வழி இல்ல. இஞ்ச தொடர்ந்து படம் எடுக்கிற கம்பெனி எண்டு ஒண்டும் இல்ல, ஒரு குறும்படத்துக்கு அஞ்சாறு பேர் சேருவாங்க, எடுப்பாங்க, பிரிஞ்சிடுவாங்க. கூத்தில எப்படி ஒருத்தர் கூத்துப் பழக்குற அண்ணாவியார்ட பக்கத்தில வரிசக் கணக்கா இரிந்து மத்தளத்தையும் ஆட்டத்தையும் பழகி மறுகா தானும் களரி ஏத்துவாரோ அது மாதிரி கமராவுக்கு ஒரு பழகுற இடம் நமக்கு இல்ல. அதால இரிக்கிற ஆக்கள்தான் ஒருத்தருக்கொருத்தர் அண்ணாவியாரா இரிக்கணும் எண்டு நான் சொல்லுவன், கமரா தெரிஞ்ச பொடியன் ஒரு பொம்புளப் புள்ளைய போகஸ் பிடிக்க வைச்சுக்கலாம், லைட் வைக்க வைச்சுக்கலாம், அப்படி மூண்டு நாலு படம் நிண்டா அவக்கு வேலை வந்திடும். போகஸ் பிடிக்கிறது எண்டா சின்ன வேலை இல்ல, நடிகர் ஒரு அடி முன்னுக்கு வந்தா லென்ஸ்ஸும் அந்த அளவுக்குக் கிறுகணும், தவறினா முழு ஷொட்டும் போச்சு.

கமரா பாரம், பொம்புளையால தூக்க ஏலா எண்டு இன்னமும் சொல்லுறாங்களே, அதுக்கும் ஒண்டு சொல்லணும். உலகத்துப் பெரிய படங்களுக்கு பாவிக்கிற ஆரி அலெக்சா மினி, லென்ஸ் போடாம கமரா மட்டும் 2.3 கிலோ. நம்மட பக்கம் குறும்படம் எடுக்கிறவங்க ஆசைப்படுற சோனி எஃப்எக்ஸ்3 பற்றறியோட 715 கிராம். லென்ஸ், ரிக், மொனிட்டர், மைக் எல்லாம் ஏத்தினா கூடும்தான், எனக்குத் தெரியாம இல்ல, எங்கட கடையில நானே தோள்ல வைச்சு எடுத்திரிக்கன். ஆனா வெல்லாவெளி, கொக்கட்டிச்சோலைப் பக்கம் தண்ணிக்கும் விறகுக்கும் வயல் வேலைக்கும் பொம்புளைகள் தூக்குற பாரத்த ஆரும் ஒரு நாளும் நிறுத்துப் பார்த்து இது உங்களுக்கு ஏலா எண்டு சொன்னதில்ல.

நிறத்தப் பத்தியும் சொல்லாம விட ஏலா. கொடாக் கம்பெனி முந்தி படம் கழுவுற லேப்புகளுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பும், அதில இரிக்கிறது ஒரு வெள்ளைக்காரப் பொம்புள, ஷேர்லி கார்ட் எண்டு சொல்லுவாங்க, அவட தோல் சரியா வாற மாதிரித்தான் பிலிம் கழுவுறதும் பிரிண்ட் போடுறதும் நடந்திச்சு, கறுத்த தோல் அதில மண் மாதிரி விழும், பல்லும் கண்ணும் மட்டும் தெரியும். இப்ப டிஜிட்டல் வந்து எவ்வளவோ மாறிட்டு, ஆனா நம்மட ஆக்கள்ட மனசில அந்த கார்ட் இன்னும் இரிக்கு. எங்கட கடைக்கு வாறவங்க மகள கொஞ்சம் வெள்ளையாக்கித் தாங்க எண்டுதான் கேட்பாங்க, கலியாண வீடியோவுக்கு நாங்களும் செய்து குடுக்கிறம், சீவியம் போகணும். ஆனா அந்தக் குறும்படத்தில கரைவலை இழுக்கிற குடும்பத்து முகங்கள எடிட்டிங் செய்த தம்பி வெளுப்பாக்கப் போகக்குள்ள இந்தப் புள்ள விடல்ல, கறுப்ப கறுப்பாவே வைச்சு, அதில எண்ணெய்ப் பசையும் உப்பும் மினுங்குற அளவுக்கு வெளிச்சம் வைச்சித்தான் நான் எடுத்தன், அதக் கெடுக்காதீங்க எண்டு ஒரு பின்னேரம் முழுக்க அவனோட வாதாடினா. படம் பார்த்த அந்தக் குடும்பத்து ஆச்சி, நாங்க இவ்வளவு வடிவா எண்டு கேட்டவவாம். நான் இத எழுதக்குள்ளயும் எனக்குத் தொண்டை அடைக்குது.

இனி வீட்டாக்கள்ட பயம். அத நான் குறைச்சுச் சொல்ல மாட்டன், ஏனெண்டா பயப்பட காரணம் இரிக்கு. இரவு ஷூட்டிங் எண்டு சொல்லுவாங்க பத்து மணிக்கு முடியும் எண்டு, மூண்டு மணியாகும், அந்த நேரம் புள்ளைய ஆரு வீட்ட கொண்டு விடுற எண்டு ஒருத்தரும் யோசிச்சிரிக்க மாட்டாங்க, பொடியன்மார் அந்தந்த இடத்திலயே பாயப் போட்டுப் படுத்திடுவாங்க, கடற்கரையில வயலுக்க ஷூட்டிங் வைச்சா கழிவறை எங்க எண்டு கேட்க அவக்கு கூச்சம், கேட்டா இவ இருந்தா கரைச்சல் எண்டு சொல்லுற ஆள் இரிப்பான், லென்ஸ் வாடகைக்கு எடுக்க கொழும்புக்குப் போகணும், முந்நூறு கிலோமீற்றருக்கு மேல, இரவு ரயில்ல தனியா போய் லட்சக்கணக்கில பெறுமதியான சாமான தோள்ல கொளுவிக்கிட்டு வாறது லேசான விசயம் இல்ல, இதெல்லாம் முடிஞ்சு கையில கிடைக்கிறது சாப்பாடும் பஸ் காசும். கலைக்குச் செய்றம் காசு கேட்கலாமா எண்டு சொல்லுவாங்க. சவுண்ட் செட்காரருக்கு காசு, சாப்பாடு சமைச்ச அம்மாக்கு காசு, வாகனக்காரருக்கு காசு, கமராவுக்கு மட்டும் நட்பு. வீட்டில தாய் ஒரு நாள் பொறுப்பா, ரெண்டு நாள் பொறுப்பா, மூண்டாம் முறை இதால உனக்கு என்ன மகள் மிச்சம் எண்டு கேட்பா, அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமத்தான் புள்ளைகள் கமராவ வைச்சிட்டுப் போறாங்க.

செய்ய ஏலாத காரியம் ஒண்டும் இதில இல்ல. முடியிற நேரத்த முதலே சொல்லி அதுக்குள்ள முடிக்கலாம், ஒரு பொம்புளப் புள்ளைக்குப் பதிலா ரெண்டு பேர எடுக்கலாம் ஒருத்தி கமராவுக்கு ஒருத்தி லைட்டுக்கு எண்டு, பக்கத்து வீடு ஒண்டில சொல்லி கழிவறைக்கும் உடுப்பு மாத்துறதுக்கும் ஒழுங்கு செய்யலாம், கூலி குறைவா இரிந்தாலும் இவ்வளவு எண்டு முதலே ஒரு கடதாசியில எழுதிக் கையெழுத்து வைக்கலாம். அந்தக் கடதாசிய தாய்க்குக் காட்ட ஏலும்.

இன்னொரு கதையும் இப்ப வந்திரிக்கு. பொம்புளைகள்ட பிரச்சினை பத்தின டொக்குமெண்டரி எண்டா உடன பொம்புள கமராவத் தேடுறாங்க. நல்லம்தான், காணாமப் போன மகனுக்காக வரிசக் கணக்கா ரோட்டோரத்தில குந்தியிரிக்கிற தாய்மார், நுண்கடனால நொந்து போன பொம்புளைகள், இவங்க ஒரு பொடியன் கமராவோட வந்தா சொல்லாத கதைய இந்தப் புள்ளைகளுக்கு முன்னால சொல்லுவாங்க, வைகாசியில கண்ணகி அம்மன் குளிர்த்திக்கு குரவை போடுற பொம்புளைகளுக்கு நடுவில போய் நிண்டு எடுக்க அவங்களாலதான் ஏலும். அது அவங்கட பலம். ஆனா அதோட நிப்பாட்டி வைக்கிறது சரியில்ல. சண்டைப் படம், பேய்ப் படம், கடல்ல எடுக்கிற படம் எண்டா மட்டும் ஏன் அவங்கட நம்பர் ஒருத்தர்ட போன்லயும் இல்ல? 'பிளாக் பாந்தர்' என்ன சமையல் படமா? கமரா தெரிஞ்சவவுக்கு கமரா வேலை குடுங்க, எந்தப் படமா இரிந்தாலும்.

கல்லடியில சுவாமி விபுலானந்த அழகியல் கற்கைகள் நிறுவகம் இரிக்கு, நம்மட புள்ளைகள் அங்க சங்கீதம், நடனம், நாடகம், கட்புலக் கலை எண்டு படிக்காங்க, பள்ளிக்கூடத்தில ஓ எல்லுக்கே தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் பாடமா இரிக்கு. யாழ்ப்பாணத்தில 2015 தொடக்கம் சர்வதேச சினிமா விழா நடக்குது. கிழக்கிலயும் ஒரு கமராவும் மூண்டு லென்ஸும் நாலு லைட்டும் பொதுவா இரிந்து, படம் செய்ற பொம்புளப் புள்ளைகளுக்கு குறைஞ்ச வாடகைக்கு குடுக்கிற ஒரு இடம் வந்தா கொழும்புப் பயணம் பாதி மிச்சம். இத ஒரு சங்கமோ, பிரதேச சபையோ, வெளிநாட்டில இரிக்கிற நம்மட உறவுகளோ செய்யலாம், கோயிலுக்கு கோபுரம் கட்டக் குடுக்கிற காசில சின்னத் துண்டு போதும். எங்கட கடையில இரிக்கிற ரெண்டு எல்ஈடி லைட்டையும் ட்ரைபொட்டையும் கலியாணம் இல்லாத நாள்ல சும்மா குடுக்க நாங்க ரெடி, என்ட வீட்டுக்காரரும் சம்மதம் சொல்லிட்டார்.

உங்களிட்ட கேட்கிறது இவ்வளவுதான் ஐயா. இனிமேல் நம்மட பக்கத்துப் படம் ஒண்டப் பத்தி எழுதினா டைரக்டர்ட பேருக்கு அடுத்த வரியில ஒளிப்பதிவாளர்ட பேரையும் போடுங்க, ஆம்புளையோ பொம்புளையோ. அந்தப் பேர் பேப்பர்ல வந்தா இன்னொரு ஊர்ல இரிக்கிற டைரக்டர் ஒருத்தர் அத வெட்டி வைப்பார், தேடிப் போன் எடுப்பார், ரெண்டாவது படம் அப்படித்தான் வரும். நடிகைகளுக்கு வாராவாரம் குடுக்கிற பக்கத்தில மாசத்துக்கு ஒருக்கா கமரா, எடிட்டிங், சவுண்ட் செய்ற பொம்புளைகளோட கதைச்சு எழுதுங்க, என்ன லென்ஸ் பாவிச்சீங்க, எப்படி அந்த வெளிச்சம் வந்திச்சு, எவ்வளவு கூலி தந்தாங்க எண்டு கேளுங்க, கலியாணம் எப்ப, வீட்டில என்ன சொல்லுறாங்க எண்டு மட்டும் கேட்டு முடிச்சிடாதீங்க. ஆரைத் தேடிப் போற எண்டு தெரியாட்டி இந்தக் கடிதத்தோட என்ட போன் நம்பரத் தனியா ஒரு துண்டில எழுதி வைச்சிரிக்கன், அத அச்சில போட வேணாம். மட்டக்களப்பிலயும் அம்பாறையிலயும் எனக்குத் தெரிஞ்ச புள்ளைகள்ட்ட நான் முதல்ல சம்மதம் கேட்டு உங்கட நிருபருக்கு அறிமுகம் செய்து விடுறன். போன கிழமை விட்டுப் போன பேரையும் வாற ஞாயிறு ஒரு சின்ன வரியா எண்டாலும் போடுங்க.

இப்படிக்கு,
ஸ்டூடியோ நடத்துற ஒரு வாசகி,
களுவாஞ்சிகுடி.